துணிக்கடை மாடியில் ஒரு விமானந்தாங்கி

மாதிரிக் கப்பல் செய்கிறவர்களைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “தண்ணியில விட்டா மிதக்குமா?” மிதக்காது. மிதக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வாத்து வாங்கிக்கொள்ளுங்கள், பாசாரில் கிடைக்கிறது. நான் செய்வது கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பெருமையடித்துக்கொள்ளும் கப்பல். நகத்தடியில் பசை காய்ந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, வீட்டில் “இதனால என்ன பிரயோஜனம்?” என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, கேக் மேல் சர்க்கரைப் பூ வைப்பவர்களே, தீக்குச்சியில் கோபுரம் கட்டுபவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் வசந்தி. ஜொகூரில், பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் வேலை பார்த்தேன். பழைய எண்ணெய்க் கப்பலை அறுத்து, ஒட்டி, வேறு ஏதாவதாக மாற்றுவதற்கான படங்கள். பட்டறை ஆள்குறைப்பு செய்தபோது முதலில் குறைந்த ஆள் நான். சொந்த ஊரான தங்காக்கில் எங்கள் அப்பா ஆரம்பித்த துணிக்கடைக்குத் திரும்பி வந்தேன். கீழே அண்ணன் புடவை விற்கிறார். மாடியில் நான் கப்பல் கட்டுகிறேன்.

அதிலும் கம்பீரமான போர்க்கப்பல்கள் மேல் எனக்கு ஆசை இல்லை. உலகப் போரில் நடுக்கடலில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கரையிலிருந்து விமானம் அவ்வளவு தூரம் வர முடியாது. நிஜ விமானந்தாங்கிக் கப்பல்கள் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அரிசி பருப்பு ஏற்றும் வகையான சாதாரண வியாபாரக் கப்பல்களைப் பிடித்து, தலைக்கு மேல் ஒரு நீளமான தட்டையான தளத்தைப் போட்டு, “இனிமேல் நீ விமானந்தாங்கி” என்று சொல்லிவிட்டார்கள். அவசரத்துக்கு வேஷம் கட்டிய இந்தக் கப்பல்களைப் பார்த்ததும் எனக்கு மனசு போய்விட்டது. நானும் துணிக்கடைக்கு மேல் ஒரு தளத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்தானே.

முதல் பார்வையாளர்

மாடியில் கடை போட்ட முதல் வாரம். மூவாரிலிருந்து வந்த ஓர் அம்மா, கீழே கூட்டமாக இருக்கிறதென்று மேலே ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு மாம்பழ நிறப் புடவை. மூச்சு வாங்க நின்று, நீளமான மேசையைப் பார்த்தார், மேசை மேல் இருந்த கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்கோ முதல் பார்வையாளர் கிடைத்த பரவசம். அட்லாண்டிக்கில் ஆரம்பித்தேன். நீர்மூழ்கி, சரக்குக் கப்பல் கூட்டம், மேலே போட்ட தளம், புகைபோக்கி இருந்தால் விமானம் முட்டிக்கொள்ளும் என்று அதைப் பிடுங்கிப் பக்கவாட்டில் புகை விட்ட சாமர்த்தியம் எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொன்னேன்.  அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சாதித்துவிட்டேன் என்று நினைத்து மூச்சு விட நிறுத்தினேன். அவர் புடவையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எல்லாம் சரிம்மா, இந்தக் கலர்ல லைனிங் இருக்கா இல்லியா?”

லிம் எழுப்பிய சந்தேகம்

பக்கத்துக் கடை லிம் ஆணி, திருகு, பெயிண்ட் எல்லாம் விற்பவர். எனக்கு ஒட்டுப்பலகை தருகிறவரும் அவர்தான். முப்பது வருஷமாகத் தமிழர்களுக்கு நடுவில் வியாபாரம் செய்து, நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கப்பலைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் புரிந்துகொண்டார்.

“லோரிய மாத்தி சாப்பாட்டுக் கடை ஆக்குவாங்களே, அந்த மாதிரிதானே?” என்றார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. அதேதான் லிம், அதேதான்! இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லையே என்று பாராட்டினேன். ஆனால் லிம் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. போன வருஷம்தான் அவருடைய மைத்துனர் அப்படி ஒரு லோரியை மாற்றி, மஜ்லிஸ் என்கிற நகராட்சியிடம் மாட்டிக்கொண்டு, ஏழு தடவை அலைந்தார். லிம் கப்பலின் மேல்தளத்தை விரலால் தட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இதுக்கு மஜ்லிஸ்ல பெர்மிட் குடுத்தாங்களா?”

கமலா அக்காவின் விரல்

கப்பலை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி வருவோம். எங்கள் கடையில் அப்பா வைத்த வழக்கம் ஒன்று இருக்கிறது. துணியை அளந்து முடித்ததும், அளவு முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கம்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை மீட்டர் கோலை வைக்கும்போதும் ஒரு விரல் கூடுதல். குறைத்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சே கடைக்கு வரக்கூடாது என்று அப்பா சொல்லுவார். கமலா அக்கா எங்கள் கடையில் சேர்ந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று கற்றுக்கொண்ட அந்தக் கட்டைவிரலை அவர் இன்றுவரை எடுக்கவில்லை.

ஒரு தீபாவளிக் கூட்டத்தில் அக்காவால் சமாளிக்க முடியாமல் நானும் கீழே இறங்கித் துணி அளந்தேன். சாஆ என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தவர், நான் கோலை வைத்து விரலை வைத்ததும் கையை நீட்டித் தடுத்தார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பதறினேன். அவர் என் விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வேணாம் தங்கச்சி, கமலா அக்காவக் கூப்புடுங்க. அவங்க வெரல்தான் தடிப்பு.”

கோதுமை இல்லாமல் எடுக்க மாட்டேன்

இப்போது கதையின் நாயகர் வருகிறார். காதர் ஹாஜியார், ஜொகூர் பாருவில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைகள் வைத்திருப்பவர். மனைவியோடு துணி எடுக்க வந்தவர், மனைவி நாலாவது புடவையைப் பிரித்தபோது பொறுமை இழந்து மாடியேறினார். கப்பலைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வாப்பாவோட வாப்பா இந்த மாதிரி ஒரு கப்பல்லதான் பண்டாரியா இருந்தாங்க” என்றார். பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். கோதுமை ஏற்றும் கப்பலாம். மேலே தளம் போட்டு நாலு விமானத்தை ஏற்றிய பிறகும் கீழே கோதுமை ஏற்றுவதை நிறுத்தவில்லையாம். அது உண்மைதான்; அப்படிப்பட்ட கப்பல்கள் இருந்தன, மேலே போர், கீழே வியாபாரம். அவர் தாத்தா அதில் இருந்தாரா என்பதற்கு என் புத்தகங்களில் சாட்சி இல்லை. ஒரு குடும்பத்தின் கதைக்கு ரசீது கேட்க நான் யார்? விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் தாத்தா மாவு பிசைகிற கையை அப்படியே நிறுத்திவிடுவாராம். தளம் அவ்வளவு குட்டை. விமானம் தளத்தின் நுனியைத் தாண்டிக் கீழே இறங்கி, கண்ணுக்கு மறைந்து, பிறகுதான் மேலே வரும். அது மேலே வருகிறவரைக்கும் அவர் கை மாவுக்குள்ளேயே நிற்குமாம். இதைச் சொல்லும்போது ஹாஜியாரின் கையும் காற்றில் நின்றது.

புதுக் கடை திறக்கப் போகிறார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கப்பல் வேண்டும். மேல்தளத்தை மூடி மாதிரி தூக்கினால் உள்ளே கோதுமை தெரிய வேண்டும், நிஜக் கோதுமை. நான் விமானங்களின் அழகைப் பற்றி ஆரம்பித்தேன். ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மேல பிளேன் ரெண்டு கொறஞ்சாக்கூட பரவால்ல தங்கச்சி, கீழ கோதும இல்லாம நான் எடுக்க மாட்டேன்.”

அண்ணன் டேப்போடு வந்தார்

ஹாஜியார் படியிறங்கிய கையோடு அண்ணன் மோகன் படியேறினார். கையில் அளவு டேப். சுவருக்குச் சுவர் அளந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். மாடியைத் திரைச்சீலைப் பிரிவாக்கும் யோசனை அவருக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பெருநாள் வந்தால் ஊரே திரைச்சீலை மாற்றுகிறது. என் அலமாரியில் கப்பல் மூன்று தூசி குடித்துக்கொண்டிருக்கிறது. இதுவரை ஜொகூரில் ஒரு ஆள்கூட என்னிடம் கேட்டுக் கப்பல் வாங்கியதில்லை.

 இந்த மேசையும் ஜன்னல் வெளிச்சமும் போனால் எனக்கு வேறு இடம் இல்லை. என் வீட்டுச் சமையலறை மேசையில் கப்பலின் மூக்கை மட்டும்தான் வைக்கலாம். பேரம் பேசினேன். ஹாஜியார் கேட்ட கப்பலைத் திருப்தியாக எடுத்துக்கொண்டு போனால் மாடி எனக்கு, அதற்கப்புறம் டேப் மேலே ஏறக்கூடாது. வேண்டாம் என்று விட்டுப் போனால் மறுநாளே நான் காலி செய்துவிடுவேன். அண்ணன் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, இரண்டு ஜன்னலுக்கும் மேலே திரைக் கம்பியை மாட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

“சும்மா ஒரு முன்னேற்பாடுதான்லா, நீ பாட்டுக்கு கப்பலக் கட்டு.”

ஏரோப்ளேன் துணி

அந்தக் கப்பல்களில் ஏறிய விமானங்கள் துணி போர்த்தியவை என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. இரட்டை இறக்கை, எலும்புக்கூடு மாதிரி சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணிக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்த இறக்கைக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவதா? கீழே இறங்கி, இருப்பதிலேயே மெல்லிய வெள்ளை வாயில் துணியாகக் கேட்டேன். கமலா அக்கா பத்து ரகத்தைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பொறுக்கினேன். கஞ்சி போட்டு இழுத்து ஒட்டியதும் இறக்கை தாளம் போடலாம் போல விறைத்து நின்றது. நாலு விமானத்துக்கும் சேர்த்து ஒரு ரவிக்கைத் துணி அளவுகூட ஆகவில்லை.

மறுநாள் கீழே ஒரே அமர்க்களம். சிகாமாட்டிலிருந்து வந்த கல்யாண வீட்டார் அதே வாயில் துணியை இழுத்து இழுத்துப் பார்த்து, சீக்கிரம் கிழிந்துவிடும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள்.  அக்கா மேலே வந்தார், மேசையிலிருந்து ஒரு விமானத்தை எடுத்தார், கீழே கொண்டுபோய்க் கல்லாமேல் வைத்தார். துணி அரை மணியில் கட்டோடு தீர்ந்துபோனது. மாடிப்படியில் நின்று நான் கேட்டது இது:

“ஏரோப்ளேனே இதத்தான் போட்டிருக்கு, ஒங்களுக்கு என்னங்க கொறச்சல்?”

பயணிகள்

கோதுமையை நிரப்பி, மேல்தளத்துக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு அட்டையைப் போட்டு மூடி, விமானங்களை அதன் மேல் நிறுத்தி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மேலே வந்தால் தளத்தில் நடமாட்டம். வண்டு! ஒன்று விமானத்தின் சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஓரத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று இறக்கை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் கப்பலில் இவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்த்ததே இல்லை.

நான் “அலமாக்!” என்று போட்ட சத்தத்தில் கீழிருந்து அக்காவும் பக்கத்திலிருந்து லிம்மும் ஓடி வந்தார்கள். அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கோதுமையை அள்ளி மின்னடுப்பில் வாணலி வைத்து வறுக்க ஆரம்பித்தார். ரவை கெட்டுப்போகாமலிருக்க வீட்டில் செய்கிற வேலைதான். அந்த வாசனையில் கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உப்புமாவா, கேசரியா என்று விசாரித்தார்களாம். லிம் மட்டும் குனிந்து, தளத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆளுங்கதான் ஏறிட்டாங்களே வசந்தி, இன்னும் ஏன் கப்பல நிறுத்தி வச்சிருக்க?”

சாக்பீஸ் கோடு

கடை திறப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பெரிய வேலையில் மேல்தளம் ஒன்றுதான் பாக்கி. ஒரு மீட்டர் எழுபத்தெட்டு சென்டி நீளத்துக்கு ஒட்டுப்பலகையை வெட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் என் இரண்டு கையும் கப்பலின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. பசை இறுகும்வரை விடக்கூடாது. அன்று மழை, கீழே வாடிக்கையாளர் இல்லை. அக்கா தேநீரோடு மேலே வந்தார். “அக்கா, கொஞ்சம் இந்தப் பலகைய அளந்து கோடு மட்டும் போட்டுடுங்க” என்றேன். என்னைத் தவிர யாரும் தொடாத வேலை அது. ஆனால் முப்பத்தோரு வருஷம் அளந்த கைக்கு ஒரு பலகை என்ன பெரிய விஷயம்?

அக்கா கீழே போய்க் கடையின் மீட்டர் கோலை எடுத்துவந்தார். தையல் சாக்பீஸால் நேர்த்தியாக ஒரு கோடு இழுத்தார். நான் அந்தக் கோட்டில் வெட்டினேன். பிறகு தடுப்பு வலை, கம்பி, பின்பக்க வளைவு என்று ஒன்றொன்றாகத் தளத்தில் பொருத்தி முடிக்க ஆறு வாரம். முன்பக்கம் சரியாகப் பொருந்தியது. பின்பக்கம் கொஞ்சம் தாராளமாக நீட்டிக்கொண்டிருந்தது. நிஜக் கப்பலிலும் அங்கே நீட்டல் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கோடு போட்ட அன்று நான் ஒரே ஒரு தடவை “சரியா இருக்குமாக்கா?” என்று கேட்டது உண்மை. அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“நான் அளந்து எப்பவாச்சும் கொறஞ்சிருக்கா? கண்ண மூடிக்கிட்டு வெட்டு.”

மாப்பிள்ளை வந்த சனிக்கிழமை

ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை ரியாஸ். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற உத்தியோகம். பையிலிருந்து எஃகு டேப் ஒன்று, அந்த வகை நிஜக் கப்பலின் வரைபடம் ஒன்று, சின்ன டார்ச்லைட் ஒன்று எடுத்தார்.  அண்ணன் கதவருகே நின்றார். அவர் பின்னால் கமலா அக்கா. ஜன்னலுக்கு மேலே திரைக் கம்பி பளபளவென்று காத்திருந்தது.

ஹாஜியார் தளத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டு, வறுத்த கோதுமையில் நாலு மணியை எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. இறக்கைத் துணியை விரல் நுனியால் தொட்டார். “மாஷா அல்லாஹ்” என்றார். முடிந்தது, மாடி எனக்குத்தான் என்று நினைத்த அந்த நேரம் பார்த்து ரியாஸின் டேப் ‘சர்ர்’ என்று நின்றது. மறுபடி அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அளந்தார்.

“மாமா, இது தப்பு” என்றார். “டெக் நாலு சென்டி கூட இருக்கு. நிஜக் கப்பல்ல பார்த்தா கிட்டத்தட்ட மூணு மீட்டர்.”

நான் டேப்பைப் பிடுங்கி அளந்தேன். நாலு சென்டி.  வெட்டிச் சரிசெய்யலாமா என்றால், அந்தப் பக்கம்தான் வளைவும் வலையும் கம்பியும் பிணைந்து கிடக்கின்றன. பிரித்துக் கட்ட ஒன்றரை மாதம். கடை திறப்பு அடுத்த வெள்ளிக்கிழமை. பட்டறையில் இருந்த காலத்திலிருந்தே நான் ஒரு மில்லிமீட்டர் பிசகியதில்லை, இப்போது எப்படி? அப்போதுதான் அந்தச் சாக்பீஸ் கோடு ஞாபகம் வந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அக்காவுக்குக் கொஞ்சமும் கலக்கம் இல்லை. “ஒரு மீட்டருக்கு ஒரு வெரல், எழுவத்தெட்டுக்கு ஒரு வெரல்” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “வெரல் வைக்காம எப்படிங்க வெட்டுறது? நம்ம கடையில கொறச்சிக் குடுத்தாங்கன்னு பேரு வந்துடாதா?” அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ரியாஸ், வாழ்க்கையில் எத்தனையோ கப்பலைச் சோதித்தவர், இந்தப் பதிலுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியாமல் வரைபடத்தைச் சுருட்டினார். “மாத்தித்தான் ஆகணும் மாமா. இப்படி ஒரு கப்பல் இருந்ததே இல்ல.”

 ஹாஜியார் ஒரு விமானத்தை எடுத்துத் தளத்தின் பின்நுனியில், அந்த நாலு சென்டிமீட்டரின் கடைசியில் வைத்தார். விரலால் மெதுவாக முன்னால் உருட்டிக்கொண்டு போனார். “பிளேன் இங்கேர்ந்துதானே ஓட ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். “ஆமா மாமா.” “அப்ப ஓடுறதுக்கு மூணு மீட்டர் கூடக் கெடச்சிருக்கு?” ரியாஸ் சுருட்டிய வரைபடத்தை மறுபடி பிரித்தார். “அப்படிப் பார்த்தா... ஆமா. அந்த நீளத்துக்கு மூணு மீட்டர்ங்கறது சாமானியம் இல்ல மாமா.”

விமானம் முன்நுனிக்கு வந்து நின்றது. ஹாஜியார் அதைக் கீழே இறக்கவில்லை. நேராக மேலே தூக்கினார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான், அண்ணனுக்கும்தான், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாலும். ஹாஜியார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கமலா அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்:

“எங்க தாத்தா மாவுல கைய வச்சிக்கிட்டு நின்னது இந்த ரெண்டு வெரலுக்காகத்தான். அன்னிக்கு பிளேன் ஓட்டுன அந்தப் புள்ளைங்களுக்கு யாரும் குடுக்கல, நீங்க குடுத்திருக்கீங்க. ஒரு நூல் வெட்டக் கூடாது, அப்படியே கட்டுங்க.”

கப்பல் இப்போது ஜொகூர் பாருவில் ரொட்டி சானாய் சுடுகிற கல்லுக்கு எதிரே நிற்கிறது. திரைக் கம்பியில் என் பெயிண்ட் துணிகள் காய்கின்றன. இத்தனை வருஷம் மில்லிமீட்டர் பிசகாமல் கட்டிய எந்தக் கப்பலாலும் எனக்கு வாங்கித்தர முடியாத மாடியை நாலு சென்டி பிசகிய கப்பல் வாங்கித் தந்துவிட்டதால், இப்போதெல்லாம் பலகையை நானே அளந்தாலும் வெட்டுவதற்கு முன் கீழே போய்க் கமலா அக்காவிடம் ஒரு விரல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.